முத்தவல்லி வீட்டுத் தால்ச்சா

வெள்ளைத் துணித் திரை காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். புளி மண்டியின் களத்தில்தான் கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். எவ்வளவு கூட்டிப் பெருக்கியும் தரையிலிருந்து புளி வாசனை போகவில்லை. அதன் மேல் மல்லிகை, அத்தர், இரண்டையும் அமுக்கிக்கொண்டு பிரியாணி வாசனை.

என்னை மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மணப்பெண் சல்மா என் மாணவி. தலையிலிருந்து மடிவரை ஜரிகை முக்காடு. எதிரே அவளுடைய புது மாமியார். அவர் தட்டிலிருந்து பிரியாணியை ஒரு பிடி எடுத்தார். கறித்துண்டைப் பிய்த்து அதற்குள் வைத்தார். முக்காட்டை லேசாக விலக்கி, மருமகளின் வாயருகே கொண்டுபோனார். மருமகளுக்கு முதல் பிடியை மாமியார் ஊட்டுவது அவர்கள் குடும்பத்து வழக்கமாம்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"நம்ம ஊர்க்காரங்க யாரும் உக்காராதீங்க. பந்திய விட்டு எந்திரிங்க."

பெண்ணைப் பெற்றவரின் குரல் அது.

மாமியாரின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிடிச் சோறு எவ்வளவு நேரம் அந்தரத்தில் நின்றது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது நின்ற நேரத்தில் நான் கேட்டதும் பார்த்ததும்தான், அதற்குப் பிறகு என் உத்தியோக காலம் முழுக்க நான் நடத்திய பாடம். பிரமிப்பு என்ற சொல்லை நான் எளிதில் எடுப்பவள் அல்ல. இங்கே எடுக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டும். இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் வழக்கம் பழகியிருக்கும்.

தத்துவம்னா ஜோசியங்களா?

எண்பதுகளின் தொடக்கத்தில் தர்மபுரியில் ஒரு கல்லூரிக்குத் தத்துவம் சொல்லிக்கொடுக்க வந்தேன். வாடகைக்கு வீடு கொடுத்த அம்மாள் முதல் நாளே கேட்டார்.

"தத்துவம்னா ஜோசியங்களா மேடம்? எம் பையனுக்கு வேல எப்பக் கெடைக்கும்னு பாத்துச் சொல்லுவீங்களா?"

இல்லையென்றதும் அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஜோசியம் படித்திருந்தால் வாடகையாவது குறைந்திருக்கும்.

கல்லூரியில் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுக்க ஆள் கிடையாது. வரலாறு படிக்கிறவர்களுக்கு அது துணைப்பாடம், அவ்வளவுதான். வணிகவியல் ஆசிரியர் ஒருவர் என் வகுப்பைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "கூட்டம் தாங்கலைங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே ஒரு பெஞ்சு நிறையாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்.

முனைவர் பட்டத்துக்காகப் பகுதி நேர ஆய்வு ஒன்றும் செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, தலைமையின் அறம். அந்த நாளில் எங்கள் துறையில் ஆத்மா, மாயை, முக்தி இவற்றைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். தலைவர் எப்படி நடக்க வேண்டும் என்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று சிரித்தார்கள். "எந்தக் கட்சித் தலைவருங்க மேடம்?" என்று அலுவலகத்தில் ரகசியமாகக் கேட்டவர்களும் உண்டு.

போன வாரம் ஒகேனக்கல் சுற்றுலாவைப் பற்றி எழுதியிருந்தேன். தலைமைப் பண்பு பற்றிப் பரிசலில் எழுந்து நின்று பேச ஆரம்பித்த எங்கள் முதல்வரை, பரிசல்காரர் "சார், மொதல்ல உக்காருங்க" என்று அதட்டிய கதை. முதல்வரைக் கேலி செய்துவிட்டேன் என்று பழைய மாணவர் ஒருவருக்குக் கோபம். அவருக்கு என் பதில் இதுதான்: நம் முதல்வர் உடனே உட்கார்ந்தாரே, எத்தனை பெரிய மனிதர்கள் அப்படி உட்காருவார்கள்?

நான் கண்டுபிடித்த விடை

என் ஆய்வின் மையக் கேள்வி எளிமையானது. எல்லோருக்கும் என்று ஒரு விதி இருக்கிறது. அதிலிருந்து தலைவர் தனக்கு மட்டும் விலக்கு எடுத்துக்கொள்ளலாமா?

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் குஷி வந்துவிடும். "நாங்க லேட்டா வந்தா வெளிய நிக்கிறோம், வாத்தியாருங்க லேட்டா வந்தா?" என்று ஆரம்பிப்பார்கள். மணி அடிப்பதே தெரியாது. வணிகவியல்காரர் எட்டிப் பார்ப்பதையும் அன்றைக்கு நிறுத்தியிருப்பார்.

நான் கண்டுபிடித்திருந்த விடை இது. தலைவர் தானாக எடுத்துக்கொண்டால் தவறு. அந்த விதிக்குக் கட்டுப்பட்ட மக்களே, பயமோ ஆசையோ இல்லாமல், மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவர்களுக்குக் கொடுக்க உரிமை உண்டு, அதை மறுப்பது அவர்களை அவமதிப்பது. இதை ஒரு முழு அதிகாரமாக எழுதிச் சென்னையில் என் ஆய்வு நெறியாளரிடம் காட்டினேன். பாராட்டு என்பதையே அறியாத மனிதர் அவர். "இது நிக்கும்மா" என்றார். ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

வகுப்பில் இதற்கு ஒரே ஒரு எதிர்ப்பு வந்தது. ஜன்னலோரம் முதல் பெஞ்சில் உட்காரும் சல்மா. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பஸ் தவறினால் முதல் வகுப்பு போய்விடும். ஆனாலும் மணி அடித்த பிறகும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"மனசாரக் குடுக்கறாங்களா, பயந்து குடுக்கறாங்களான்னு எப்படிங்க மேடம் தெரியும்?"

"பயமே இல்லைன்னு வெச்சுக்கோ. முழுக்க முழுக்கப் பிரியம்தான். அப்ப?"

"அப்பவும்..." என்று இழுத்தாள். மேலே சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் முகம் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அன்றைக்கு அது சின்னப் பெண்ணின் பிடிவாதமாகத்தான் பட்டது.

மழை பொய்த்த காலத்துச் சட்டம்

சல்மாவின் அப்பா ரஹீம் பாய் புளி வியாபாரி. வீட்டில் அவரை அத்தா என்று கூப்பிடுவார்கள். ஊர்ப் பள்ளிவாசலின் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியும் அவர்தான். அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கிருந்தும் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள், எனக்கு இன்னும் அங்கே போய்வர வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த ஜமாத்தில் முத்தவல்லி சொன்னால் சொன்னதுதான். ஆனால் ரஹீம் பாய் அதிகம் பேசமாட்டார். மகளின் படிப்பை விசாரிக்கக் கல்லூரிக்கு வந்தால்கூட என் அறை வாசலில் நின்று, "நல்லாப் படிக்குதுங்களா? செரிங்க" என்பதோடு கிளம்பிவிடுவார். அவர் போன பிறகும் அறையில் கொஞ்ச நேரம் புளி மணக்கும்.

எங்கள் மாவட்டத்தில் மழை தொடர்ந்து பொய்த்த காலம் அது. கிணறுகளில் கயிற்றை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த நேரத்தில்தான் மஸ்தான் வீட்டுக் கல்யாணம் நின்றது.

மஸ்தான் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அவர் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நிக்காஹ் என்றால் ஊருக்குப் பிரியாணி போட வேண்டும் என்பது எழுதாத வழக்கம். மஸ்தானுக்கு அது முடியவில்லை. போடாமல் கல்யாணம் நடத்தினால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று தள்ளிப்போட்டார். மறுபடியும் தள்ளிப்போட்டார். அந்தப் பெண் தண்ணீருக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டாளாம். சல்மாதான் எனக்கு இதைச் சொன்னாள், அந்தப் பெண் அவளுடைய தோழி.

ரஹீம் பாய் ஜமாத்தைக் கூட்டினார். இனி எந்த வீட்டு நிக்காஹாக இருந்தாலும் வெள்ளைச் சோறும் தால்ச்சாவும்தான். பணக்காரன் வீட்டிலும் அதுதான், ஏழை வீட்டிலும் அதுதான். பிரியாணி போட்டால் ஊர் பந்தியில் உட்காராது. தால்ச்சா தெரியாதவர்கள் இருந்தால் சொல்கிறேன், பருப்பும் கத்தரிக்காயும் எலும்பும் புளியும் சேர்த்துக் கொதிக்கும் குழம்பு. சாதாரணமாகப் பிரியாணிக்குத் துணையாக வரும். இப்போது அதற்கே பட்டாபிஷேகம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "கல்யாணச் சோறுன்னு ஒண்ணு இருக்குதுங்களே பாய்" என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. மஸ்தான் மகளுக்குத் தேதி குறித்தார்கள்.

அதற்கு முந்திய மாதத்தில் முத்தவல்லியின் மகளுக்கே கல்யாணம் வந்தது. சட்டம் போட்ட பிறகு ஊரில் நடக்கும் முதல் பெரிய நிக்காஹ் சல்மாவுடையதுதான்.

விருந்தாளிகள் கொண்டுவந்த விருந்து

மாப்பிள்ளை வீடு வடஆற்காடு பக்கம், தோல் வியாபாரம். மாப்பிள்ளையின் அப்பாவை எல்லோரும் ஹாஜியார் என்றார்கள். பெரிய உருவம், பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. அந்த மனசுதான் வில்லங்கத்தைக் கொண்டுவந்தது.

சம்பந்தி ஊரில் பஞ்சம், அதனால் ஊர் கூடி இப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பெண் வீட்டார் பிரியாணி சமைக்கக் கூடாது, அவ்வளவுதானே என்று அவர் புரிந்துகொண்டார். சம்பந்திக்குச் சிரமம் வைக்காமல் நாமே ஊருக்குச் சாப்பாடு போட்டுவிட்டால் அவருக்கும் கௌரவம், சட்டமும் கெடாது. ஒரு லாரியில் அரிசி, ஆடு, பிரியாணி வேகும் பெரிய தேக்சாப் பாத்திரங்கள், விறகு, பண்டாரி என்று சொல்லப்படும் தலைமைச் சமையல்காரர், அவருடைய ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றி விடியும் முன்பே அனுப்பிவிட்டார். ஊருக்கு வெளியே மாந்தோப்பில் அடுப்பு மூட்டினார்கள்.

நான் அதியமான்கோட்டையில் ஒரு தோழியின் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் பஸ் ஏறினேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் வாசனைதான் எனக்கு வழி காட்டியது. வீதியில் ஆட்கள் நின்று மூக்கை உயர்த்தி உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல மாதங்களாக அந்த ஊர் அப்படி ஒரு வாசனையைக் கண்டதில்லை.

ரஹீம் பாய்க்கும் தெரியாமல் இருந்திருக்காது. சம்பந்தி வீட்டார் தங்கள் ஆட்களுக்குச் சமைக்கிறார்கள் என்று நினைத்தாராம். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. அதற்கு முன் சாட்சிகள் வந்து சல்மாவிடம் சம்மதம் கேட்டார்கள். அவள் தலையசைத்தாள். வாயால் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். பெண்கள் அவள் கழுத்தில் தாலியாகக் கருகமணி கட்டினார்கள். ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து பந்தலுக்குத் திரும்பியபோது, மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் ஊர்க்காரர்கள் எல்லோர் முன்னாலும் தட்டு வைத்துப் பிரியாணியைப் பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். பெண்கள் பக்கமும் தட்டு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் குரல். மாமியாரின் கை நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம்

ஊர்க்காரர்கள் எழுந்தார்கள். ஜமக்காளத்தில் உடைகள் உரசும் சத்தமும், தட்டுகள் நகரும் சத்தமும் கேட்டன. பிறகு ஒரு கிழக் குரல். ஊரிலேயே மூத்தவரான காதர் பாய் என்று சல்மாவின் அம்மா என் காதில் சொன்னார்.

"ரஹீமு, இங்க பாரு. நீ சமைக்கல. சம்பந்தி சமைச்சுக் கொண்டாந்திருக்காரு. அது ஒண்ணு. அப்படியே தப்புன்னாலும் ஊரு சொல்லுது, இன்னிக்கு ஒரு நாளு சட்டத்த எடுத்து ஓரமா வெச்சிருவோம். ஊருக் கெணறு பூரா வத்துனப்ப உங் கெணத்துலதான குடம் வெச்சோம்? உம் பொண்ணு நிக்காஹ்ல நீ வயிறார உக்காந்து சாப்புடறத நாங்க பாக்கணும். என்னங்கப்பா?"

"ஆமாங்க, ஆமாங்க" என்று பந்தலே சொன்னது. ஒருவர் குரலில்கூட முகஸ்துதி இல்லை. பயம் இல்லை. பிரியாணி ஆசை கொஞ்சம் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கிழவரின் தொண்டை தழுதழுத்தது பிரியாணிக்காக அல்ல.

முக்காட்டுக்குள்ளிருந்து சல்மா கிசுகிசுத்தாள்.

"மேடம், உங்க பாடம் வெளிய நடக்குதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். பயமில்லாமல், ஆசையில்லாமல், மனமுவந்து ஊர் கொடுக்கும் விலக்கு. நெறியாளர் நிற்கும் என்று சொன்ன என் அதிகாரம் துணித் திரைக்கு அந்தப் பக்கம் உயிரோடு நின்றுகொண்டிருந்தது. என் கணக்குப்படி ரஹீம் பாய் அதை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்னொரு குரல் கேட்டது. ஒடுங்கின குரல்.

"பாய், எனக்காகப் பாக்காதீங்க. நீங்க சாப்புடுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க."

மஸ்தான். எவருக்காகச் சட்டம் போட்டார்களோ அவரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் என்ன சம்மதம் வேண்டும்?

ரஹீம் பாய் பேச ஆரம்பித்தார். அவர் அத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

"காதர் பாய், நீங்க பிரியமாக் குடுக்கறீங்க. தெரியுது. நான் கேக்கவே இல்ல, நீங்களாக் குடுக்கறீங்க. இதே மஸ்தான் அடுத்த மாசம் வந்து, எம் பொண்ணு நிக்காஹ்க்கு ஒரு நாளு சட்டத்த ஓரமா வைங்கன்னா வெப்பீங்களா? கேட்டாலும் வெக்க மாட்டீங்க. சட்டம்னா சட்டம்தான்னு சொல்லுவீங்க. அதாங்க எனக்குப் பயமா இருக்குது."

அவர் குரல் மஸ்தான் பக்கம் திரும்பியது.

"மஸ்தான், நீ வருத்தமில்லன்னு சொல்லுவ. உம் பொண்ணு சொல்லுமா? அடுத்த மாசம் உன் வூட்டுப் பந்தில எவனாவது ஒருத்தன், முத்தவல்லி வூட்ல பிரியாணி, இங்க தால்ச்சாவான்னு சிரிப்பான். அந்தச் சிரிப்பு உங் காதுல உளுவாது. திரைக்கு அந்தப் பக்கம் உம் பொண்ணு காதுலதான் உளும்."

சல்மா ஒரு வருடத்துக்கு முன் "அப்பவும்..." என்று இழுத்துவிட்டுச் சொல்லத் தெரியாமல் நின்ற வாக்கியத்தை அவளுடைய அத்தா முடித்து வைத்தார். வகுப்பில் அவள் கேட்டதை வீட்டில் சொல்லியிருந்தாளா என்று பின்னால் கேட்டேன். இல்லையாம்.

அந்தரத்தில் நின்ற பிடி

ஆனால் சங்கடம் அதோடு தீரவில்லை. இப்போது ஹாஜியாரின் பெரிய குரல் எழுந்தது. அது காயம்பட்டிருந்தது.

"அப்ப எங்க சோறு ஒங்களுக்கு ஆவாதுங்களா சம்பந்தி? ஊர் விட்டு ஊர் வந்து, ஒங்களுக்குச் சிரமம் வேணாம்னு பிரியமாக் கொண்டாந்தோம். தட்டு வெச்ச பொறவு எந்திரிக்கச் சொல்றீங்க."

"ஆவாதுன்னு சொல்லலீங்க. நீங்க விருந்தாளிங்க, உங்கள எங்க சட்டம் கட்டாது. உங்காளுங்களுக்கு நானே நின்னு பரிமாறுறேன். எங்க ஊருக்கு அந்தப் பக்கம் சோறும் தால்ச்சாவும் இருக்குது."

"பொண்ணு? அவளும் சாப்புட மாட்டாளா? இன்னிக்கு எங்க சோத்த வேணாங்கறவ, நாளைக்கு எங்க வூட்ல வந்து என்னத்தத் திம்பா?"

பெண்கள் பக்கம் எல்லோரும் சல்மாவைப் பார்த்தோம். மாமியாரின் கை இன்னும் இறங்கவில்லை. விரல்களுக்கு இடையிலிருந்து ஒரு பருக்கை நழுவிச் சல்மாவின் பட்டுப் புடவை மடியில் விழுந்தது. மாமியார் கோபமாக இல்லை, பாவம், பயந்துபோயிருந்தார். சாப்பிட்டால் அத்தாவின் சட்டத்தை மகளே உடைத்தாள் என்றாகும். சாப்பிடாவிட்டால் புகுந்த வீட்டின் முதல் பிடியைத் தட்டினவள் என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். முக்காட்டுக்குள் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

திரை உப்பியது. அடங்கியது. ரஹீம் பாயின் குரல் வந்தது. முன்னைவிடத் தாழ்ந்திருந்தது.

"சம்பந்தி, நிக்காஹ் முடிஞ்சு போச்சுங்க. சல்மா இப்ப எங்க ஊரு இல்ல. உங்க ஊரு. எங்க சட்டம் அதுக்குக் கெடையாதுங்க. அது சாப்புடட்டும்."

"உங்க ஊரு" என்ற இடத்தில் குரல் உடைந்தது. அவர் அதை மறைக்கக்கூட முயலவில்லை.

ஒரு அப்பா தன் மகளைப் பிரிவதைப் பல கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். அழுவார்கள், கட்டிக்கொள்வார்கள், கார் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த மனிதர் தன் மகளைச் சட்டத்தை வைத்தே அனுப்பி வைத்தார். அவர் தனக்கென்று அந்தச் சட்டத்தைக் கொஞ்சமும் வளைக்கவில்லை. மகளைக் காப்பாற்றவும் அதை வளைக்கவில்லை. அது எந்த எல்லையில் முடிகிறதோ அந்த எல்லைக்கு அப்பால் மகளைத் தன் கையாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, தான் மட்டும் உள்ளே நின்றுகொண்டார். நான் படித்த புத்தகங்களில் இப்படி ஒரு ஆளை எந்தத் தத்துவ ஞானியும் எனக்குக் காட்டியிருக்கவில்லை.

சல்மா முக்காட்டைத் தானே விலக்கினாள். வாயைத் திறந்தாள். மாமியார் ஊட்டினார். அவள் மென்று விழுங்குவதற்குள் கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது. மாமியார் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார். அவருடைய கண்ணை நான் துடைக்க வேண்டியதாகிவிட்டது, என் கண்ணைத் துடைக்கத்தான் ஆளில்லை.

பிறகு ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"செரி பாய். பிரியாணிக்குத் தால்ச்சா இல்லாம எனக்கு எறங்காது. ஒங்க தால்ச்சாவ எங்களுக்கு ஊத்துவீங்களா? இல்ல, அதுக்கும் சட்டம் இருக்குதா?"

பந்தல் அதிரச் சிரித்தார்கள். காதர் பாய் இருமிக்கொண்டே சிரித்தது தனியாகக் கேட்டது.

தால்ச்சா மாப்பிள்ளை ஊர் வரிசைக்குப் போனது, பிரியாணி பெண் ஊர் வரிசைக்கு வரவில்லை. மாப்பிள்ளை ஊரும் பெண் ஊரும் ஒரே பந்தலில் ஒரே தால்ச்சாவை ஊற்றிக்கொண்டு, அவரவர் சோற்றைச் சாப்பிட்டார்கள். ரஹீம் பாய் சொன்னபடியே சம்பந்தி ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் குனிந்து பிரியாணி பரிமாறினார். திரை விலகியபோதெல்லாம் பார்த்தேன், அந்த வாசனைக்குள்ளேயே நின்றார். வாயில் ஒரு பருக்கை போடவில்லை.

"மேடம், நீங்க எந்த ஜமாத்தும் இல்ல. பிரியாணி சாப்புடுங்க" என்று சல்மாவின் அம்மா வற்புறுத்தினார். எனக்கும் ஆசைதான், ஒளிப்பானேன். ஆனாலும் காலித் தட்டை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்த ஜமக்காளத்துக்குப் போனேன். என்னை எந்தச் சட்டமும் கட்டவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு பக்கம் உட்கார மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

"எந்தப் புத்தகம்?"

அந்த அதிகாரத்தை மறுபடி எழுதினேன். மக்கள் மனமுவந்து கொடுத்தால் தலைவர் விலக்கை வாங்கிக்கொள்ளலாம் என்பதோடு முன்பு நிறுத்தியிருந்தேன். இப்போது ஒரு கேள்வியைச் சேர்த்தேன். அதே மக்கள் அதே விலக்கை, அதே மாதிரி கேட்காமலேயே, அந்த ஊரின் கடைசி ஆளுக்கும் கொடுப்பார்களா? கொடுக்கமாட்டார்கள் என்றால், தலைவருக்கு வந்தது அன்புதான், ஆனாலும் அதை வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை.

நெறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வாதம் எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?"

"புத்தகம் இல்லைங்க சார். ஒரு புளி மண்டியில கேட்டது."

"அடிக்குறிப்பு எப்படிப் போடுவே?" என்றார். கடைசிவரை அதற்கு எங்களால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் எத்தனையோ கருத்தரங்குகளில், நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளின் குளிரூட்டிய அறைகளில் எல்லாம் இந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன். டை கட்டிய பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு லேசாகப் புளி மணக்கும்.

மஸ்தான் வீட்டில்

அடுத்த மாதம் மஸ்தான் மகளின் நிக்காஹ். எனக்கும் அழைப்பு வந்தது. மஸ்தானே கல்லூரிக்கு வந்து, ஈயம் பூசிக் கறுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அவசியம் வரணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டு முன்னால் கீற்றுப் பந்தல். நடுவில் பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சல்மா வெளியூர் விருந்தாளியாக வந்திருந்தாள், மாமியாரோடு. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

பந்தி போட்டார்கள். வெள்ளைச் சோறு. தால்ச்சா. நான் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாராவது சிரிக்கிறார்களா என்று. பக்கத்தில் சல்மாவும் சோற்றைத் தொடாமல் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். ஆண்கள் பந்தியில் மழையைப் பற்றிப் பேசினார்கள். மாங்காய் விலையைப் பற்றிப் பேசினார்கள். யாரோ இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

மணப்பெண் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மஸ்தானின் மனைவி குழம்பு வாளியோடு எங்கள் வரிசைக்கு வந்தார். வேர்வை வழிந்தது. முகம் முழுக்கப் பெருமை. என் சோற்றுக்குப் பாத்தி கட்டி, நடுவில் தாராளமாக ஊற்றினார்.

"கூச்சப்படாம சாப்புடுங்க மேடம். முத்தவல்லி வூட்டு நிக்காஹ்ல போட்ட அதே சாப்பாடுதாங்க."